பெண் பெயரில் இருந்தால் போதுமா?

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. நல்ல சலுகைதான். அது வந்த பிறகு மனைவி பெயரில் மனை வாங்கிய ஒருவரிடம், "பத்திரம் உங்க வீட்டம்மா கையிலதானே இருக்கு?" என்று கேட்டேன். "அவளுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்? பீரோ சாவி என்கிட்டதான்" என்றார். எந்தக் கள்ளமும் இல்லாமல் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் கிராமக் கிளைகளில் கடன் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கடன் ஒருத்தி பெயரில், பணம் இன்னொருவர் பையில் என்கிற ஏற்பாட்டை வேலையில் சேர்ந்த எண்பதுகளிலிருந்தே பார்த்து வருகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் அண்மையில் போனில் கேட்டாள்: "அத்தை, எங்க ஆபீஸ்ல 'ஜெண்டர் லென்ஸ்' முதலீடுன்னு பேசிக்கிறாங்க. வட்டியும் வருமாம், ஏழைப் பெண்களுக்கும் நல்லதாம். நிஜமா?" ஒரு வரியில் சொல்ல முடியாத பதில் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பணம் போடுகிறவர் வழக்கமாகக் கேட்பது இரண்டு: எவ்வளவு கிடைக்கும், முதலுக்கு மோசம் வருமா? 2007-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய சந்திப்பில் மூன்றாவது கேள்வியும் சேர்ந்தது. இந்தப் பணத்தால் மக்களுக்கு என்ன நன்மை, அதை அளந்து காட்ட முடியுமா? அதற்கு 'இம்பேக்ட் இன்வெஸ்டிங்' என்று பெயர் வைத்தார்கள். தாக்க முதலீடு என்று தமிழில் எழுதுகிறார்கள். தானதர்மம் அல்ல. அசல் திரும்ப வேண்டும், லாபமும் வர வேண்டும். அந்த நன்மை பெண்ணுக்கும் போய்ச் சேருகிறதா என்று தனியாகப் பார்ப்பதுதான் பாலினப் பார்வை முதலீடு. பெண் நடத்தும் தொழிலுக்குப் பணம் கொடுக்கலாம், பெண்களுக்குக் கௌரவமான வேலை தரும் கம்பெனிக்குக் கொடுக்கலாம், பெண்ணுக்குத் தேவையான பொருளையோ சேவையையோ விற்கும் இடத்துக்கும் கொடுக்கலாம்.

பெயர்தான் புதிது. அந்தப் பெயர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அகமதாபாத்தில் இந்த வேலை நடந்துவிட்டது. அதை நடத்தியவர்கள் காய்கறிக் கூடைக்காரிகளும் வண்டி இழுத்தவர்களும்.

அகமதாபாத் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தில் வழக்கறிஞராக இருந்த இளா பட், 1972-ல் 'சேவா' என்ற சங்கத்தைத் தொடங்கினார். முதலாளி என்று யாரையும் காட்ட முடியாத பெண்களின் தொழிற்சங்கம் அது. தலைச்சுமை தூக்குபவர்கள், கைவண்டி இழுப்பவர்கள், பழந்துணி வாங்கி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள். அவர்களுக்குக் கூலி மட்டும் பிரச்சினை இல்லை. காலையில் 50 ரூபாய் வாங்கிக் காய் எடுத்தால் மாலையில் 55 ரூபாயாகத் திருப்ப வேண்டும். நாளுக்குப் பத்து சதவீத வட்டி. நம் ஊர்ச் சந்தைகளில் தண்டல்காரரிடம் வாங்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. இழுக்கும் வண்டியும் சொந்தமில்லை, அதற்கும் தினவாடகை.

1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆகியிருந்தன. ஏழைகளுக்குக் கடன் கொடுங்கள் என்று அரசு சொல்லியிருந்தது. சேவா தன் உறுப்பினர்களை அந்த வங்கிகளுக்கு அழைத்துப் போனது. இடுப்பில் குழந்தை, கையில் கூடை, வியாபாரம் முடிந்து வருகிற நேரத்தில் கவுண்டர் மூடியிருக்கும். படிவம் நிரப்பத் தெரியாது. கையெழுத்து ஒருநாள் போல மறுநாள் இருக்காது. வங்கி ஊழியர்களுக்கு அவர்களைப் பார்த்தால் எரிச்சல். எண்பதுகளில் நான் பார்த்த கிளைகளும் இப்படித்தான். வேட்டி கட்டிய பண்ணையாருக்கு மேனேஜர் அறையில் நாற்காலி, கடன் கேட்டு வந்த பெண்ணுக்கு வாசல்படி. விதிப்புத்தகத்தில் எங்கேயும் 'பெண்ணுக்குக் கொடுக்காதே' என்று எழுதியிருக்கவில்லை. நிலப் பட்டா கொண்டு வா, ஜாமீன் கொண்டு வா, பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வா என்றுதான் எழுதியிருந்தது. அந்த மூன்றும் அவளிடம் இல்லாதவை.

சேவா உறுப்பினர்களே ஒரு கூட்டத்தில், நமக்கென்று ஒரு வங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார்கள். 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்குப் பணம் போட்டார்கள். 40,000 ரூபாய் சேர்ந்தது. கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்தில் சிக்கல்: எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவார்கள், பத்திரத்தில் கையெழுத்து வேண்டுமே? பங்குதாரர்களாகக் கையெழுத்திட வேண்டிய பெண்கள் இரவோடு இரவாக உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகிக்கொண்டு போனார்கள். 1974-ல் வங்கி பதிவானது. கணக்கு வைத்திருப்பவரின் கையெழுத்தை ஒப்பிட முடியாது என்பதால், கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்து ஒட்டினார்கள். ஆதார் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த கேஒய்சி அது. எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் கட்டணம் கொடுக்கவில்லை.

சேவா வங்கியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கையெழுத்துக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். கடன் அதிகாரியாக என்னைக் கவர்ந்தது வேறு. அவர்கள் கடனில் தொடங்கவில்லை, சேமிப்பில் தொடங்கினார்கள். பணம் வாங்க வங்கி ஆட்கள் வீட்டுக்கும் சந்தைக்கும் போனார்கள். அடகில் கிடந்த நகையை மீட்க, கந்துவட்டிக்காரரிடம் இருந்த நிலத்தைத் திருப்பக் கடன் கொடுத்தார்கள். அப்படித் திருப்பிய நிலத்தில் பெண்ணின் பெயர் ஏற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். வங்கியின் பங்குதாரரும் அவளே, கடனாளியும் அவளே. வட்டியில் மிஞ்சிய லாபம் போய்ச் சேரும் இடம் அவள் வீடு. பாலினப் பார்வை என்று இன்று முதலீட்டு மாநாடுகளில் பேசுவதன் முழு உள்ளடக்கமும் இதில் இருக்கிறது. பெண்ணை வங்கிக்கு ஏற்றபடி மாற்றுவதை விட்டுவிட்டு, வங்கியை அவளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

1975-ல் மெக்சிகோ நகரில் ஐ.நா. நடத்திய முதல் உலக மகளிர் மாநாட்டில் இளா பட்டும், கானா நாட்டில் ஜாம் செய்து விற்றுத் தொழிலதிபர் ஆன எஸ்தர் ஒக்லூவும், நியூயார்க்கின் நிதித்துறையிலிருந்து வந்த மிக்கேலா வால்ஷும் பேசிக்கொண்டதன் பலனாக 1979-ல் 'விமன்ஸ் வேர்ல்டு பேங்கிங்' அமைப்பு உருவானது. பின்னாளில் அது பங்கு முதலீட்டு நிதியும் நடத்தத் தொடங்கியது. பத்து ரூபாய்ப் பங்கு எடுத்த பெண்களின் யோசனை உலகச் சந்தைக்குப் போன பாதைகளில் இது ஒன்று.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டுக் கழகம் 1983-ல் தொடங்கியது. 1989-ல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த பணத்தில் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் உருவாகின. வேளாண், ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு, குழுக்களை வங்கியோடு இணைத்தது 1992-ல். அந்தப் பக்கக் கிளைகளில் நான் இருந்த காலம் அது. ஆடு வளர்த்த ஒரு அம்மா, சேமிப்புக் கணக்கு தொடங்கியதும் பாஸ்புக்கை என் மேசைமேலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். கூப்பிட்டுக் கொடுத்தால், "இங்கயே இருக்கட்டும் மேடம். வூட்ல பார்த்தா இந்தப் பணம் ஏதுன்னு கேப்பாரு. அப்புறம் அது கடையில போயிரும்" என்றார். எந்தக் கடை என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. வாடிக்கையாளர் பாஸ்புக்கை ஊழியர் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. குழுவின் தகரப் பெட்டிக்குள் அது போனது. அந்தப் பெட்டியில் அப்படிப் பல பாஸ்புக்குகள் இருந்தன. கடன் கொடுப்பதைவிட அந்தப் பெட்டிதான் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பெரிய உதவி என்று அப்போதே எனக்குத் தோன்றியது. இன்றும் அதே எண்ணம்தான்.

இனி அண்ணன் மகள் கேட்ட சிங்கப்பூர் சமாசாரம். வங்கதேசத்தில் பிறந்து, வால் ஸ்ட்ரீட்டிலும் கிராமீன் வங்கியிலும் வேலை பார்த்த துரீன் ஷானாஸ் சிங்கப்பூரில் ஐஐஎக்ஸ் என்ற அமைப்பை நடத்துகிறார். அது 2017-ல் 'பெண்கள் வாழ்வாதாரக் கடன் பத்திரம்' ஒன்றை வெளியிட்டு சிங்கப்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. மொத்தம் 80 லட்சம் டாலர், 4 ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு 5.65 சதவீத வட்டி. வசதியுள்ள முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணத்தைக் கம்போடியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் நாடுகளில் பெண்களுக்குக் கடனும் பொருளும் தரும் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

யாராவது திருப்பிக் கட்டவில்லை என்றால்? அதற்குத்தான் வரிசை வைத்திருந்தார்கள். முதல் 5 லட்சம் டாலர் நஷ்டத்தை ஐஐஎக்ஸ் ஏற்கும். கடன்களின் அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் உத்தரவாதம். அதற்கும் பிறகுதான் முதலீட்டாளர் தலையில் விழும். 2021-ல் முழுப் பணமும் திரும்பியது. அடுத்தடுத்து வெளியீடுகள் வந்து, 2023 டிசம்பரில் வந்த ஆறாவது பத்திரம் 10 கோடி டாலர். ஏழைப் பெண்ணின் கடனைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோக முடியும், பணம் திரும்பும் என்று காட்டியது பெரிய காரியம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பட்டியலிடப்பட்ட பத்திரத்தைத்தான் வாங்கும். தகரப் பெட்டியைத் தேடி வராது.

ஆனால் கடன் அதிகாரியின் கண் வேறு இடத்துக்குப் போகிறது. முதலீட்டாளருக்கு முன்னால் இரண்டு பாதுகாப்புச் சுவர்கள். கடன் வாங்கிய பெண்ணுக்கு முன்னால் என்ன? அவளுடைய பன்றி செத்தால், மழையில் கடை மூழ்கினால், தவணை தள்ளுமா? அந்த உத்தரவாதம் கொடுத்த யுஎஸ்எய்டும் 2025-ல் மூடப்பட்டுவிட்டது. இனி இப்படிப்பட்ட சுவரை யார் கட்டுவது என்பது இந்தத் துறைக்கே கேள்விதான்.

வட்டியையும் பாருங்கள். கம்போடியாவில் சிறுகடன் நிறுவனங்கள் வாங்கக்கூடிய வட்டிக்கு அந்நாட்டு மத்திய வங்கி 2017 ஏப்ரலில் உச்சவரம்பு வைத்தது: ஆண்டுக்கு 18 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் ஒன்றரை ரூபாய் வட்டி. மேலே முதலீட்டாளருக்கு 5.65, கீழே கடனாளிக்கு 18 வரை. நடுவில் உள்ளது முழுவதும் கொள்ளை என்று நான் சொல்லவில்லை. சிறிய கடனுக்கு வீடு வீடாக ஆள் போக வேண்டும், டாலர் விலை ஏறி இறங்கும் அபாயத்துக்கு விலை கொடுக்க வேண்டும், சில கடன் வராமலே போகும். கிளை நடத்திய எனக்கு அந்தச் செலவு தெரியும். அதே கம்போடியாவில், நிலப் பட்டாவை அடமானம் வைத்துச் சிறுகடன் வாங்கிய குடும்பங்கள் கடனை அடைக்க நிலத்தை விற்க நேர்வதாக லிக்காடோ என்ற மனித உரிமை அமைப்பு 2019-ல் அறிக்கை வெளியிட்டது. குறிப்பிட்ட இந்தப் பத்திரத்தின் பணத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு நாட்டில் கடன் ஏராளமாகப் பாய்கிறபோது, கடைசிக் கையில் என்ன நடக்கிறது என்று பார்க்காத முதலீட்டை நன்மை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நாம் இதை வீட்டுக்கு அருகிலேயே பார்த்துவிட்டோம். ஆந்திராவில் லாபநோக்கற்ற அமைப்பாக 1997-ல் தொடங்கிய எஸ்கேஎஸ் மைக்ரோபைனான்ஸ், 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு கேட்டு முதலீட்டாளர்கள் குவிந்தார்கள். அதன் கடனாளிகள் கிட்டத்தட்ட அனைவரும் பெண்கள். இன்றைய கணக்கில் வைத்தால் பாலினப் பார்வைச் சான்றிதழ் வாங்க அதற்கு என்ன தடை இருந்திருக்கும்? இரண்டே மாதத்தில், அக்டோபரில், ஆந்திர அரசு சிறுகடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டது. ஒரே பெண்ணின் பெயரில் மூன்று நான்கு கம்பெனிக் கடன், ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டிய நெருக்கடி, வீட்டு வாசலில் வசூல்காரர்கள், தற்கொலைச் செய்திகள். துறையே சரிந்தது. தான் அமைத்த மாலேகம் குழு பரிந்துரைத்தபடி 2011-ல் ரிசர்வ் வங்கி வட்டிக்கு 26 சதவீத வரம்பு வைத்தது. பிறகு மாறிவந்த வட்டி வரம்பு 2022-ல் முழுவதுமாக எடுக்கப்பட்டு, ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதி வந்தது. பாதி வருமானம் கடனுக்கே போவதை அனுமதிக்கும் விதியைப் பாதுகாப்பு என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 'எங்கள் வாடிக்கையாளரில் 99 சதவீதம் பெண்கள்' என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதில் எந்தப் பெருமையும் இல்லை. பெண்கள் ஊரைவிட்டு ஓட மாட்டார்கள், கௌரவத்துக்குப் பயப்படுவார்கள், பகலில் வீட்டுப் பக்கம் இருப்பார்கள். வசூலுக்கு வசதி என்பதாலும் பெண்ணுக்குக் கடன் கொடுக்கலாம்.

தலை எண்ணுவதில் இன்னொரு வகை பெரிய கம்பெனிகளில் நடக்கிறது. ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனம், உயர் பதவிகளில் பெண்கள் அதிகமுள்ள கம்பெனிகளில் முதலீடு செய்யும் நிதியை 2016-ல் தொடங்கியது. மறு வருடம் மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் காளைச் சிலைக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நிற்கும் சிறுமியின் சிலையை நிறுவியது. உலகமே படம் எடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், உயர் பதவியிலிருந்த பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் குறைவாகச் சம்பளம் கொடுத்ததாக எழுந்த புகாரைத் தீர்த்துக்கொள்ள அதே நிறுவனம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, பணத்தைக் கொடுத்தது.

2018-ல் ஜி-7 நாடுகளின் வளர்ச்சி வங்கிகள் '2எக்ஸ்' என்ற அளவுகோலைக் கொண்டுவந்தன. நிறுவனத்தில் 51 சதவீதம் பெண்ணுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது பெண் தொடங்கியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைமைப் பதவிகளில் 30 சதவீதம் பெண்கள். அல்லது துறையைப் பொறுத்துத் தொழிலாளரில் 30 முதல் 50 சதவீதம் பெண்கள், அதோடு சட்டம் கேட்பதற்கு மேல் அவர்களுக்கு ஏதாவது ஒரு ஏற்பாடு. இப்படி ஏதாவது ஒரு வழியில் தேறினால் போதும் என்பது அப்போதைய ஏற்பாடு. ஒன்றுமில்லாததற்கு இது நல்ல ஆரம்பம். ஆனால் நம் ஸ்ரீபெரும்புதூரை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கைபேசி ஆலைகளில் பெண்கள்தான் பெரும்பான்மை. எண்ணிக்கையில் சுலபமாகத் தேறிவிடும். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று. நிறுவனம் அப்படிப் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவானாலும், எத்தனை பெண்கள் என்று எண்ணும் அளவுகோலில், எந்தப் பெண்கள் உள்ளே வரவே இல்லை என்பது தெரியாது.

அதே வட்டாரத்தில் எனக்குப் பிடித்த முதலீடும் நடந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய் செலவு, 18,720 பெண்கள் தங்கலாம். தங்கும் பெண்ணுக்குக் கடன் இல்லை, குழு இல்லை, வாராந்திர வசூல் இல்லை. கட்டில், தண்ணீர், சாப்பாடு, இரவு ஷிப்ட் முடிந்து திரும்பப் பாதுகாப்பான இடம். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கத்தில் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று, அவர்கள் சாலைக்கு வந்து மறியல் செய்த பிறகுதான் தங்குமிடம் என்பது பேச்சானது. மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு வட்டி கட்டத் தேவையில்லாத முதலீடு இது. பெண்களுக்கான முதலீடு என்றதும் சிறுகடன் மட்டுமே நினைவுக்கு வருவதை நாம் விட வேண்டும்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இதுதான்: யோசனை நிஜம், பணம் திரும்புவதும் நிஜம். ஆனால் அறிக்கையின் அட்டைப் படத்தைப் பார்க்காதே, உள்ளே உள்ள கடன் நிபந்தனையைப் படி. அவளுக்கு மட்டுமில்லாமல், சேமிப்பில் ஒரு பகுதியை இப்படிப் போட நினைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். அந்த நிறுவனம் கடனோடு சேமிப்புக் கணக்கும் வைக்கிறதா, கடனை மட்டும் விற்கிறதா? வாங்கிய மாடோ மனையோ யார் பெயரில் பதிவாகிறது? உடம்பு சரியில்லாத மாதம் தவணை தள்ளிப்போட வழி உண்டா? கடைசிக் கடனாளி கட்டும் வட்டி எத்தனை ரூபாய் வட்டி? வசூல்காரருக்கு ஊக்கத்தொகை எதை வைத்துத் தருகிறார்கள்? இதற்கெல்லாம் மின்னஞ்சலில் பதில் கேட்கலாம். பணம் போடுகிறவருக்கு அந்த உரிமை உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு எண்ணைக் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் கடன் வாங்கிய பெண்களில், கடனை அடைத்துவிட்டு இன்று மறு கடன் தேவைப்படாமல் தொழில் நடத்துபவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்த ஆண்டறிக்கைகளில் 'எத்தனை பெண்களைச் சென்றடைந்தோம்' என்ற எண் முதல் பக்கத்திலேயே இருக்கும். இந்த எண்ணைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அதைக் கணக்கெடுத்துத் தருகிற நிறுவனத்தில் பணம் போடுங்கள். தராத நிறுவனத்தில் உங்கள் சேமிப்பைப் போடாதீர்கள்.